பேரு பென்னிகுயிக், வேலை கஸ்டமர் கேர்: சொந்தப் பேரைச் சொல்றதா, சூடோ நேம் (புனைபேரு) வச்சுக்கிறதா?

கம்பம்_பள்ளத்தாக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. சென்னையில யூகே ப்ராசஸ்ல இருக்கேன், வாய்ஸ், அதாவது பிரிட்டன் கஸ்டமர்கிட்ட போன்ல பேசுற வேலை. ஒரு பிராட்பேண்ட் கம்பெனிக்கு பில்லிங் சப்போர்ட். என் பேரு பென்னிகுயிக். பட்டப்பேரு இல்ல, மார்க் ஷீட்ல, ஆதார்ல எல்லாம் இதேதான்.

தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்காக: முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின இன்ஜினியர் கர்னல் ஜான் பென்னிகுயிக். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கிட்டிருந்த ஆத்துத் தண்ணியை மலையைக் குடைஞ்சு கிழக்கே எங்க பக்கம் திருப்பிவிட்ட மனுசன். 1895-ல அணை முடிஞ்சது. கூடலூர், கம்பம், சின்னமனூர்னு எங்க போனாலும் அவரு படம் மாட்டின கடையைப் பாக்கலாம். லோயர் கேம்ப்ல மணிமண்டபம் இருக்கு, தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவரு பேருதான், பொங்கலுக்கு அவருக்கும் சேத்து வைக்கிற ஊரு இருக்கு. பிள்ளைகளுக்கும் பேரு வைப்பாங்க. எனக்கு எங்க தாத்தா வச்சாரு.

இப்ப பிரச்சினைக்கு வர்றேன். ஓப்பனிங்ல 'மை நேம் இஸ் பென்னிகுயிக்'னு சொன்னதும் கஸ்டமருக்கு சந்தேகம் வந்துடுது. 'பேச்சு இந்தியன் மாதிரி இருக்கு, பேரு எங்க ஊர்ப் பேரா இருக்கு, அப்ப நீ ஃப்ராடு'ன்னு சிலர் நேராவே சொல்றாங்க. கொஞ்சம் பேரு பட்டுனு கட் பண்ணிடுறாங்க. 'நிஜப் பேரைச் சொல்லுப்பா, நான் கோவிச்சுக்க மாட்டேன்'னு ஒரு பாட்டி கெஞ்சுனாங்க.

டிஎல் (டீம் லீடர்) கூப்பிட்டு, பேசாம 'பீட்டர்'னு வச்சுக்கோன்றாரு. என் நிஜப் பேரு பொய் மாதிரி இருக்குதாம், அதனால பொய்ப் பேரு ஒண்ணு வச்சுக்கணுமாம். இந்த மாதிரி பேரோட கஸ்டமர் முன்னாடி நிக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, என்ன பண்றீங்க?

---

ஓஎம்ஆர்_ஆந்தை

தம்பி, நான் 2004-ல இந்த லைனுக்கு வந்தவன். அப்போ இப்படி ஒரு கேள்வியே கிடையாது. ட்ரெயினிங் ஆரம்பிச்ச உடனே சூடோ நேம் எடுத்துக்கச் சொல்லிடுவாங்க. எங்க பேட்ச்ல கருப்பசாமி 'கெவின்', கோமதி 'சாண்ட்ரா', நான் 'சாம்'. எந்த ஊர்ல இருந்து பேசுறோம்னும் சொல்லக் கூடாது. ஃப்ளோர் ஒயிட்போர்டுல அந்த ஊரு வெதர் எழுதிப் போட்டிருப்பாங்க, பேச்சோட பேச்சா 'இன்னிக்கு நல்ல குளிர் இல்ல?'ன்னு கேக்கணும். நாங்க ஏசியில ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருந்ததால அது ஒண்ணும் பெரிய பொய்யாத் தெரியல.

எனக்கு அந்தப் பேரு காக்கிச் சட்டை மாதிரி. ஷிஃப்ட் முடிஞ்சா கழட்டி மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். திட்டு வாங்குறது சாம், நான் இல்ல. விடிகாலையில கேப்ல வரும்போது தலைவலி இருக்கும், ஆனா எவனோ என்னைக் கேவலப்படுத்தினான்ற நினைப்பு இருக்காது. இவ்வளவு வருஷம் இதுல தாக்குப் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பீட்டரை எடுத்துக்கோ. இல்லேன்னா உன் பேரையே 'பென்னி'ன்னு சுருக்கிக்கோ. தாத்தாவுக்கும் மரியாதை, டிஎல்லுக்கும் நிம்மதி.

---

நாலாவது_பொண்ணு

யூகே கஸ்டமரையே இப்படிச் சொல்றீங்களே, டொமெஸ்டிக் பக்கம், நம்மூர் கஸ்டமர்கிட்ட வந்து பாருங்க அண்ணா.

என் பேரு போதும்பொண்ணு. தமிழ் ப்ராசஸ், டிடிஎச் ரீசார்ஜ், சிக்னல் கம்ப்ளெய்ன்ட். உங்க கஸ்டமருக்கு உங்க பேரு நிஜமான்னுதான் சந்தேகம். என் கஸ்டமருக்கு என் பேரைக் கேட்ட உடனே எங்க வீட்டுக் கதை மொத்தமும் தெரிஞ்சு போகும். பொண்ணாப் பொறந்துக்கிட்டே இருந்தா 'போதும்'னு சாமிகிட்ட சொல்ற மாதிரி வைக்கிற பேரு. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்துல 'வேண்டாம்'னே வச்சிருக்காங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அதே வழக்கந்தான்.

பசங்க கால் பண்ணினா 'போதும்னா வச்சிடு'ன்னு ஒரு ஜோக் அடிப்பாங்க. எல்லாரும் அதே ஜோக்தான், எல்லாருக்கும் தான்தான் முதல்ல கண்டுபிடிச்சோம்னு நெனப்பு.

ஆனா ஒரு கால் மட்டும் சொல்லியே ஆகணும். உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க. 'வணக்கம், நான் போதும்பொண்ணு பேசுறேன்'னேன். ரீசார்ஜை விட்டுட்டாங்க.

'எத்தனாவதுத்தா?'

'நாலாவதும்மா.'

'பெறகு பையன் பெறந்தானா?'

'இல்லம்மா, அஞ்சாவதும் பொண்ணுதான்.'

அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே! நான் ம்யூட் போட்டுட்டு சிரிச்சேன். கடைசியில பேக் எதுவும் மாத்தாம, 'உங்க ஆத்தாளைக் கேட்டதாச் சொல்லு'ன்னுட்டு வச்சுட்டாங்க. சர்வேல முழு மார்க்.

எங்க ட்ரெயினர் 'பூஜா'ன்னு வச்சுக்கச் சொன்னாங்க. வச்சுப் பாத்தேன். 'பூஜா பேசுறேன்'னா ஆம்பளைங்க பேச்சு வேற மாதிரி போகுது, குழையுறாங்க. போதும்பொண்ணுகிட்ட எவனும் குழையல. திரும்பப் பழைய பேருக்கே வந்துட்டேன்.

---

முருகேசன்_பொண்ணு

உங்களுக்காவது உங்க பேரு இருக்கு. எனக்கு அதுவும் இல்ல.

யூஎஸ் சாட் ப்ராசஸ். சிஸ்டத்துல லாஸ்ட் நேம் கட்டாயம். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? இனிஷியலை விரிச்சு அப்பா பேரைப் போட்டேன். எந்தப் புண்ணியவான் டூலை செட் பண்ணினாரோ, சாட் விண்டோல லாஸ்ட் நேம்தான் முன்னாடி வருது. நாள் முழுக்க 'ஹாய் முருகேசன்', 'தேங்க் யூ மிஸ்டர் முருகேசன்'. ஐடிக்கு டிக்கெட் போட்டேன், 'ஆஸ் பெர் பாஸ்போர்ட்'னு சொல்லி க்ளோஸ் பண்ணிட்டாங்க.

போன மாசம் 'பெஸ்ட் ஏஜென்ட்' மெயில்ல எங்கப்பா பேருதான் வந்துச்சு. வீட்ல காட்டினேன். அவரு அதை பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு.

---

வெம்பிளி_ஞானா

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனிலை ஒரு சூப்பர்மார்க்கட்டிலை காசு வாங்கிற மேசையிலை நிக்கிறனான். முழுப்பேர் ஞானசௌந்தரி. சட்டையிலை குத்துற பேர் பட்ஜிலை அவ்வளவும் அடிக்க இடம் காணாது எண்டு மனேஜர் 'ஞானா' எண்டு அடிச்சுத் தந்தவர். இங்கிலீசிலை ஜீ, என் எண்டு தொடங்குறபடியாலை சனம் 'க்னானா' எண்டு கூப்பிடும். ஒரு மனுசன் 'கானா நாட்டிலை இருந்தோ வந்தனீங்கள்?' எண்டு கேட்டவர்.

நேரிலை நிக்கேக்கை ஒரு வசதி இருக்கு. முகத்தைப் பாத்தா கோவம் கொஞ்சம் தணியும். ரெலிபோனிலை உங்களுக்கு அது இல்லை, பேர் ஒண்டுதான்.

தம்பி, அவசரமா ஒண்டு. அந்த அண்ணா சொன்ன மாதிரி 'பென்னி' எண்டு மட்டும் வைச்சிடாதேங்கோ. இஞ்ச பென்னி எண்டா பெம்பிளைப் பேர், பெனலப்பியைச் சுருக்கிக் கூப்பிடுறது. உங்கடை ஆம்பிளைக் குரலிலை அதைக் கேட்டா இன்னும் கூட சந்தேகப்படுவினம்.

இன்னொண்டு. எடின்பரோவுக்குத் தெற்காலை பெனிக்குக் எண்டு ஒரு ஊர் இருக்கு. எழுத்துக் கொஞ்சம் வித்தியாசம், ஆனா சொல்லேக்கை 'பென்னிகுக்' எண்டுதான் சொல்லுவினம். 'குயிக்' எண்டு நீங்கள் அழுத்திச் சொல்லேக்கைதான் அவைக்குக் காதிலை இடறுது எண்டு நினைக்கிறன்.

---

ஓஎம்ஆர்_ஆந்தை

பென்னி பொண்ணு பேரா! இருபது வருஷமா யூஎஸ், யூகே ரெண்டும் பாத்தும் எனக்கு இது தெரியல. சரி, பீட்டர்தான்.

---

கம்பம்_பள்ளத்தாக்கு

ஞானா அக்கா, நீங்க சொன்ன ஊர்க்காரரே ஒருத்தர் லைன்ல வந்தாரு. அதையும் சொல்லிடுறேன்.

பேரைக் கேட்டதும் ஸ்பெல்லிங் சொல்லச் சொன்னாரு. டெஸ்ட் பண்றாருன்னு புரிஞ்சிடுச்சு. பி ஃபார் பாப்பா, ஈ ஃபார் எக்கோ, என் ஃபார் நவம்பர்னு ஆரம்பிச்சு சி, யூ தாண்டி 'ஐ ஃபார் இந்தியா'ன்னேன். 'அது எனக்கு எப்பவோ தெரியும்'னாரு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம், தான் பொறந்த ஊரு பேரு அதுன்னும், 'சில எழுத்துங்க மாறுது, உன்கிட்ட எப்படி வந்துச்சு?'ன்னும் கேட்டாரு.

அணையைச் சொன்னேன். சுண்ணாம்பு, சுர்க்கி கலவையில கட்டினது, இன்னும் நிக்குது, அந்தத் தண்ணியிலதான் எங்க நெல்லுன்னேன். அவரு பில் பிரச்சினையை மறந்துட்டாரு. எவ்வளவு உயரம், எந்த ஆறு, இப்ப யாரு கையில இருக்குன்னு கேள்வி மேல கேள்வி. அணை இருக்கிறது கேரளாவுல, பாத்துக்கிறது தமிழ்நாடு, 1886-ல 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதினதுன்னேன். '999 வருஷமா!'ன்னு வாயைப் பொளந்துட்டாரு. 2022-ல இங்கிலாந்துல கேம்பர்லில தமிழ்நாடு அரசு கர்னல் பென்னிகுயிக்குக்குச் சிலை வச்சதையும் சொன்னேன். பேருக்காக ஒருநாள் போய்ப் பாக்குறேன்னாரு.

ஏஹெச்டி, அதான் ஒரு காலுக்கு ஆகுற சராசரி நேரம், எகிறிடுச்சு. ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடுற க்யூஏவோட ஷீட்ல 'சம்பந்தமில்லாத உரையாடல்'னு மார்க் குறைச்சுட்டாங்க. கஸ்டமர் சர்வேல பத்துக்குப் பத்து. ரெண்டையும் ஒரே நாள்ல டிஎல் காட்டினாரு, அவருக்கே என்ன சொல்றதுன்னு தெரியல.

---

க்யூஏ_கண்ணாடி

நான் க்யூஏ. திட்டுறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

கால் ஆடிட் பண்ற எங்க பக்கத்துல இருந்து பாத்தா இந்த விஷயமே வேற. கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் மெயில்ல ஏஜென்ட் ஐடி எழுத மாட்டாங்க, பேரைத்தான் எழுதுவாங்க. 'பீட்டர்கிட்ட பேசினேன், ரீஃபண்ட் தர்றேன்னார்.' எந்த பீட்டர்? ஃப்ளோர்ல பீட்டர், பீட்டர் கே, நைட் ஷிஃப்ட் பீட்டர்னு ஒரு பட்டாளமே இருக்கும். கஸ்டமர் நம்பரை வச்சு கால் லாக்கைத் தேடணும். அவரு வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டிருந்தா முடிஞ்சது கதை. தப்பான பீட்டருக்கு எஸ்கலேஷன் போய், அந்தப் பையன் விளக்கம் எழுதிக் குடுத்து அழுததை நான் பாத்திருக்கேன்.

பென்னிகுயிக்னு எழுதினா ஒரே ஆள்தான். கெட்டது வந்தாலும் நேரா வரும், நல்லதும் அப்படித்தான். அந்த நல்லது பாதியை சூடோ நேம் முழுங்கிடுது. 'பீட்டர் ரொம்ப உதவினார்'னு பாராட்டு வந்தா, பாதி நேரம் அது எந்தக் கணக்குலயும் ஏறாது. இன்சென்டிவ் எப்படி வரும்?

அதனால கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்க: கஸ்டமருக்கு உங்களை ஞாபகம் இருக்கணுமா, வேண்டாமா? வேலை சுத்தமாப் பாக்குறவனுக்கு அபூர்வமான பேரு லாபம். சும்மா ஒப்பேத்துறவனுக்கு பீட்டர்தான் பாதுகாப்பு.

---

நடுராத்திரி_சாட்

'ஒப்பேத்துறவனுக்கு பீட்டர்தான் பாதுகாப்பு'

சார், இதை ஒத்துக்க முடியல. நான் வேலையைச் சுத்தமாத்தான் பாத்தேன்.

என் பேரு ரொம்ப அழகான தமிழ்ப் பேரு, ரெண்டு சொல்லைச் சேர்த்து எங்கப்பா தானே உருவாக்கினது. இங்க எழுத மாட்டேன், காரணம் கீழ இருக்கு. அதே பேரு வேற யாருக்கும் இருந்து நான் பாத்ததில்ல, அதுல எனக்குப் பெருமையும் இருந்துச்சு. லோன் கலெக்‌ஷன் ரிமைண்டர் கால் வேலை. ஒரு ஆளுக்கு இஎம்ஐ டியூ ஞாபகப்படுத்தினேன், மரியாதையாத்தான் பேசினேன். அன்னிக்கு ராத்திரியே இன்ஸ்டால மெசேஜ். பேரை டைப் பண்ணிருக்கான், நான் ஒருத்திதான் வந்திருக்கேன். அக்கா கல்யாண போட்டோவைக் காட்டி 'புடவை நல்லாருக்கு, எந்த மண்டபம்'னு கேக்குறான். அடுத்த நாள் எங்க அக்காவுக்கும் மெசேஜ் போயிருக்கு.

கம்பெனியில சொன்னேன். 'பர்சனல் அக்கவுண்டுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? ப்ரைவேட்ல வச்சுக்கோங்க'ன்னாங்க. பேரை மாத்திச் சொல்ல அனுமதி கேட்டேன், கலெக்‌ஷன்ல நிஜப் பேருதான் சொல்லணும்னாங்க. நான் வேலையை மாத்திக்கிட்டேன்.

பேரு பிரியா, கவிதான்னு இருந்திருந்தா அவன் ஆயிரம் பிரியாவுல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்க மாட்டான். கண்டுபிடிக்க முடியாத பேரு ஒரு பொண்ணுக்கு எவ்வளவு நிம்மதின்னு க்யூஏ ஷீட்ல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?

---

க்யூஏ_கண்ணாடி

நீங்க சொல்றது நியாயம். 'ஒப்பேத்துறவன்' வரியை வாபஸ் வாங்கிக்கிறேன். இதை நான் ஆம்பளையா மட்டும் யோசிச்சிருக்கேன்.

---

நாலாவது_பொண்ணு

அக்கா, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. போதும்பொண்ணுன்னு தேடினா கொஞ்சம் பேரு வருவாங்க, ஆனா எங்க ஊரு பேரோட சேத்துத் தேடினா நான்தான். ப்ரைவேட்ல போட்டுட்டேன். டிபியையும் மாத்திட்டேன், இப்ப மீனாட்சி அம்மன்.

---

சுறுசுறு_சிங்கம்

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. நெறியாளர்: மதத்தையும் சாதியையும் இழுக்காமல் பேசவும்.]

---

சுறுசுறு_சிங்கம்

சரிப்பா, நல்லபடியாவே சொல்றேன். பேரு இவ்வளவு தொல்லைன்னா கெஜட்ல மாத்திட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இத்தனை பக்கம் புலம்பல்?

---

கம்பம்_பள்ளத்தாக்கு

பங்காளி, எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பம் எழுதி, கெஜட்ல போட்டு, அதை வச்சு ஆதார், பான், பேங்க், பாஸ்போர்ட்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு அலையணும். ஒரு டிஎல்லுக்காகவா? அவரே அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குப் போயிடுவாரு.

---

ரெண்டு_சக்கரம்

நம்ம கதையும் கேளுங்க. நாகர்கோவில்காரன், சென்னையில ஃபுட் டெலிவரி. பேரு ஸ்டாலின். எங்க பக்கம் லெனின், ஸ்டாலின், கென்னடின்னு ஸ்கூல்ல அட்டென்டன்ஸ் எடுத்தா ஐநா சபை மாதிரி இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இங்க ஆப்புல பேரும் போட்டோவும் கஸ்டமருக்குப் போயிடும், சூடோ நேம் எல்லாம் கிடையாது.

2021 மே மாசம் மு.க. ஸ்டாலின் முதல்வரானதும் கேட்டைத் திறக்கிறவங்க பாதிப் பேரு 'முதல்வரே வந்துட்டாரு'ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. கட்சிக்காரங்க வீடா இருந்தா டிப்ஸு, எதிர்க்கட்சி வீடா இருந்தா 'பஸ் கட்டணம் என்னாச்சு, கரண்டு பில் என்னாச்சு'ன்னு என்கிட்ட மனு குடுப்பாங்க. ஒரு பெரியவரு சாம்பார் சிந்தினதுக்கு 'ஆட்சியே சரியில்ல'ன்னாரு. நான் 'பரிசீலிக்கிறோம் ஐயா'ன்னுட்டு வந்துட்டேன்.

என்ன, அந்தக்கா சொன்ன பயம் எங்களுக்கும் உண்டு. பொண்ணுங்க இப்ப நிறைய பேரு வண்டி ஓட்டுறாங்க, அவங்க போட்டோவும் அப்படியேதான் போகுது.

---

ட்ரங்க்கால்_தாத்தா

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் பேரே சொல்ல மாட்டோம். 'நம்பர் ப்ளீஸ்', ட்ரங்க் கால் என்றால் புக்கிங் டிக்கெட் நம்பர், அவ்வளவுதான். யார் திட்டினாலும் எக்ஸ்சேஞ்சைத்தான் திட்டுவார்கள். பேரைச் சொல்ல வைத்தது உங்கள் காலத்து வியாபாரம். வாடிக்கையாளருக்கு நெருக்கமாகத் தெரிய வேண்டுமாம். நெருக்கம் கம்பெனிக்கு, அதனால் வரும் தொல்லை பிள்ளைகளுக்கு.

ஸ்டாலின் தம்பிக்கு ஒரு செய்தி. இப்படிப் பேர் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. பெரியார் 1932-இல் சோவியத் நாட்டுக்குப் போய் வந்தவர், குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பேர் வைத்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் அவர்களே விரும்பி மாற்றிக்கொண்டது. பீட்டர் ஆவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் மாற்றச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

---

முருகேசன்_பொண்ணு

தாத்தா சொன்னதுதான் பாயிண்ட். போதும்பொண்ணு கேக்காத பேரை ட்ரெயினர் வச்சுக்கச் சொன்னாங்க. நடுராத்திரி அக்கா கேட்ட பேரைக் குடுக்கல. ரெண்டு இடத்துலயும் முடிவு பண்ணினது போன் எடுக்கிற ஆளு இல்ல.

---

வெம்பிளி_ஞானா

உண்மை. எங்கடை கடையிலை போன வருசம் பட்ஜிலை என்ன பேர் வேணும் எண்டு எங்களைக் கேட்டு எழுதி எடுத்தவை. கூட வேலை செய்யிற ஒரு பிள்ளை வேறை பேர் போட்டவள். ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் 'சௌந்தரி' எண்டு மாத்தினனான். இப்ப 'சவுண்ட்' எண்டு கூப்பிடுகினம், அதுக்கு என்ன செய்யிறது.

---

கம்பம்_பள்ளத்தாக்கு

இன்னிக்கு டிஎல்கிட்ட உக்காந்து பேசிட்டேன். க்யூஏ அண்ணன் சொன்ன தப்பான பீட்டர் விஷயத்தைச் சொன்னதும் மனுசன் யோசிச்சாரு, எங்க ஃப்ளோர்லயும் பீட்டர் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். கால்ல என் பேரையே சொல்லலாம், சர்வே மார்க் விழுந்தா திரும்பப் பேசுவோம்னாரு. ஞானா அக்கா சொன்ன மாதிரி 'குக்'னு உச்சரிச்சுப் பாத்தேன். நெசமாவே சந்தேகம் கொறையுது. தாத்தா கேட்டா என்ன சொல்வாரோ, ஊர்ல எல்லாரும் 'குயிக்'தான்.

நடுராத்திரி அக்கா எழுதினதையும் டிஎல்கிட்ட காட்டினேன். எங்க டீம்ல ரெண்டு பொண்ணுங்க ஏற்கெனவே பேரு மாத்தணும்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, எனக்கே இப்பத்தான் தெரியும். அவங்களுக்கு அவங்க எடுத்துக்கிற பேரு, சிஸ்டத்துல ஐடியோட சேத்துப் பதிஞ்சு வைக்கிறதுன்னு ஹெச்ஆருக்கு மெயில் போட்டிருக்காரு. பதில் இன்னும் வரல.

க்யூஏ அண்ணே, ஒரு டவுட். கஸ்டமரே அணையைப் பத்திக் கேட்டா எவ்வளவு நேரம் பேசினா மார்க் போகாது?

---

க்யூஏ_கண்ணாடி

பில்லை முதல்ல முடிச்சுடு தம்பி. அப்புறம் அவரு கேட்டா பேசு, நீயா ஆரம்பிக்காத. 999 வருஷக் குத்தகையை மட்டும் எடுக்காத, அது அவ்வளவு சீக்கிரம் முடியாது.